யுரேனஸின் மெல்லிய வளையம்

1986 ஜனவரி 24 அன்று வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸை நெருங்கிப் படம் எடுத்தது. வியாழனின் பட்டைகளையும் சனியின் வளையங்களையும் பார்த்துப் பழகிய கண்களுக்கு, வந்தது ஏறக்குறைய வெறும் வெளிர்நீலப் பந்து. ஆனால் ஆற அமரப் பார்க்க ஒரு கோளைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

முதலில் அந்த நிறம். மேல் வளிமண்டலத்து மீத்தேன் சூரிய ஒளியின் சிவப்பை உறிஞ்சிக்கொள்கிறது. மிஞ்சுவது நீலமும் பச்சையும். அதன்மேல் படர்ந்திருக்கும் புகைமூட்டம் அதையும் சற்று வெளுக்க வைக்கிறது. எவ்வளவு அடக்கமான நிறம்!

அடுத்து, அது கிடக்கும் கிடை. அச்சு 98 பாகை சாய்ந்திருப்பதால் படுத்தபடியே சுழல்கிறது. ஒரு சுழற்சிக்குப் பதினேழேகால் மணி நேரம்தான். ஆனால் துருவத்தில் விடிந்தால் அந்தி சாய 42 ஆண்டுகள் ஆகும். பிறகு அதே அளவு இரவு. 84 ஆண்டுச் சுற்றை மொத்தமாகக் கணக்கிட்டால் நடுக்கோட்டைவிடத் துருவங்களே அதிக வெயிலைப் பெறுகின்றன.

எல்லாவற்றிலும் என்னைக் கட்டிப்போடுவது வளையங்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. வானியலாளர் ஜேம்ஸ் எலியட்டின் குழுவினர் இந்தியப் பெருங்கடலின் மேலே விமானத்தில் பறந்தபடி அதை அளந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீன் சிலமுறை மங்கி மீண்டது. மறைந்து வெளிவந்த பிறகு, மறுபக்கத்திலும் அதே இடைவெளிகளில் மங்கியது. கண்ணால் காணாத வளையங்களை அந்தத் துடிப்புகளிலிருந்தே படித்துவிட்டார்கள். ஜவ்வாது மலையில் நம் காவலூர் தொலைநோக்கியும் அன்று அதே விண்மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது; அங்கும் ஒளி மங்கியது பதிவானது.

கரி போலக் கறுத்த அந்த வளையங்களில் பிரகாசமானது எப்சிலான். சுற்றளவு மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல். அகலமோ, கோளை நெருங்கும் இடத்தில் சுமார் 20 கிலோமீட்டர், விலகும் இடத்தில் சுமார் 96. இப்படி ஒடுங்கி விரியும்போதும் அதன் ஓரங்கள் கத்தியால் சீவியதுபோல் துல்லியம். உள்ளே கார்டீலியா, வெளியே ஒஃபீலியா என்ற இரு சிறு நிலவுகள். அவற்றின் ஈர்ப்புதான் துகள்களைச் சிதறவிடாமல் இருபுறமும் அணைத்து நிறுத்துகிறது.