மூச்சுக்கு இடம் விட்ட பாட்டு

கரோக்கே அறையில் ஹட்சுனே மிகுவின் பாட்டை எடுப்பவர், நுரையீரலே இல்லாத ஒரு குரலோடு சேர்ந்து பாடப் போகிறார். யமஹாவின் வோக்கலாய்ட் மென்பொருளைக் கொண்டு, சப்போரோ நகரத்து க்ரிப்டன் ஃபியூச்சர் மீடியா 2007 ஆகஸ்ட் 31 அன்று வெளியிட்ட குரல் அது. குரல் நடிகை ஃபுஜிதா சாகி பதிவு செய்து கொடுத்த ஒலித்துணுக்குகளிலிருந்து உருவானது. சுரத்தையும் எழுத்தையும் திரையில் கட்டம் கட்டமாக அடுக்கினால் பாடிவிடும். வரி எத்தனை நீளமானாலும் அதற்குத் தொண்டை வறளாது.

இந்த வகைப் பாட்டில் எளிதானது எது என்று கேட்டால் பலரும் மெதுவான பாட்டைக் காட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெதுவான பாட்டில் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்து நிற்க வேண்டியிருக்கும். குரலின் நடுக்கம் அப்போதுதான் வெளியே தெரியும். எழுதியவர் மூச்சுக்கு இடம் விட்டிருக்கிறாரா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். கணினிக்கு அந்த இடம் தேவையே இல்லை. அப்படியும் அது இருந்தால், இசையமைத்தவர் தன் வாயால் பாடிப் பார்த்திருக்க வேண்டும், அல்லது யாரோ ஒருவர் பாடுவார் என்று நினைத்திருக்க வேண்டும். அந்த நினைப்பு எந்தெந்தப் பாட்டில் இருக்கிறது என்று தேடிக் கேட்பது தனிச் சுகம்.

நேரெதிர் திசையில் போன மேதைகளும் உண்டு. இசையமைப்பாளர் கோஸ்மோவின் ‘ஹட்சுனே மிகு நோ ஷோஷிட்சு’ நிமிடத்துக்கு 240 தாளத்தட்டு வேகத்தில் ஓடுகிறது. மிகுவின் குரலுக்கு க்ரிப்டன் பரிந்துரைத்த வேகமே 70 முதல் 150 வரைதான். வொவாகா 2009-இல் தந்த ‘உரா ஒமோத்தே லவர்ஸ்’ பாட்டிலும் சொற்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு வரும். இவை மனிதக் குரலால் எட்ட முடியாததைக் காட்டவே பிறந்தவை, அதனாலேயே அழகானவை. இரவில் தனியாகக் காதில் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும்.

நாக்கின் சுமையை எடைபோட ஒரு வழி இருக்கிறது. ஜப்பானியப் பாட்டில் பெரும்பாலும் ஒரு கானா எழுத்துக்கு ஒரு சுரம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று படித்து வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும். அங்கே ‘ன்’ என்ற மெய்யும் தனியாக ஒரு முழு மாத்திரையை வாங்கிக்கொள்ளும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பாட்டைக் கேட்டபடி மேசையில் தாளம் தட்டிப் பாருங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து வந்தால் நிம்மதி. நான்கு நான்காக வந்து, வரி முடிந்த இடத்திலேயே அடுத்த வரியும் தொடங்கினால், அந்தப் பாட்டை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனைகளிலெல்லாம் தேறி, என் பட்டியலில் முதலில் நிற்பது ‘டபுள் லாரியட்’. மிகுவைப் போன்ற இன்னொரு செயற்கைக் குரலான மெகுரினே லூகா வெளிவந்த அதே 2009-இல், அவள் குரலுக்காக இசையமைப்பாளர் அகோஅனிகி-பி எழுதியது. லூகாவின் குரல் மிகுவைவிடத் தாழ்ந்தது, சற்றே கனமானது. மெட்டு பேச்சுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. பெரிய தாவல்கள் இல்லை. சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு ஜீவன் தன் கை எட்டும் வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போவதுதான் பாட்டின் பொருள். 85 சென்டிமீட்டர் ஆரத்தில் தொடங்குகிறது, 250 ஆகிறது, கடைசியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு விரிகிறது. மெட்டு திரும்பத் திரும்ப அதே வடிவில் வர, எண்ணிக்கை மட்டும் வளர்கிறது. முதல் சரணத்தைக் கற்றவருக்குப் பாட்டின் பெரும்பகுதி கைவந்துவிடும். ஆனால் பாடப் பாட உணர்ச்சி ஏறிக்கொண்டே போகும். இத்தனை எளிய மெட்டு இத்தனை தூரம் போவது எனக்கு இன்றும் வியப்புதான்.

நானோவின் ‘ஹலோ, ஹவ் ஆர் யூ’ பாட்டும் இதே ரகம்: அறைக்குள் தனித்திருக்கும் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் அளவில்தான் குரல் எழும்புகிறது. 40 மீட்டர்-பியின் ‘கராகுரி பியரோ’ (2011) வேகத்தில் நிதானமானது. ‘ஸாபி’ என்று ஜப்பானியர் சொல்லும் உச்சப் பகுதியில் மட்டும் கொஞ்சம் ஏற வேண்டும்.

அந்த ஏற்றத்துக்குத்தான் கரோக்கே கருவியில் சுருதி மாற்றும் பொத்தான் இருக்கிறது. மிகுவுக்குப் பரிந்துரைக்கப்பட்ட எல்லை, நடு சி-க்குக் கீழே உள்ள ஏ-யில் தொடங்கி ஒன்றரை ஸ்தாயி மேலே உள்ள ஈ வரை. பெண்கள் இரண்டு மூன்று அரைக்கட்டை இறக்கினால் போதும். ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடுவது வழக்கம். எட்டிவிடும்தான், ஆனால் ஸாபி மங்கிப்போகும். கீழ் ஸ்தாயியில் நின்றுகொண்டு சுருதியை இரண்டு மூன்று அரைக்கட்டை ஏற்றிப் பாருங்கள். பாட்டுக்கு அதன் வெளிச்சம் திரும்பி வரும். நண்பர்கள் முன்னால் பொத்தானைத் தொடத் தயங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சுருதியைத் தன் குரலுக்குப் பொருத்திக்கொள்வதும் பாட்டறிவுதான்.

இன்னொரு உதவி, ஏற்கெனவே பாடியவர்களிடமிருந்து கிடைக்கும். ரியோவின் ‘மெல்ட்’ 2007 டிசம்பரில் வந்ததுமே நிகோநிகோ காணொளித் தளத்தில் மனிதர்கள் அதைத் தங்கள் குரலில் பாடிப் பதிவேற்றத் தொடங்கிவிட்டார்கள். நீங்கள் எடுக்க நினைக்கும் பாட்டின் மனிதக் குரல் பதிப்பைத் தேடி, பாடகர் எங்கெங்கே மூச்சு வாங்குகிறார் என்று கவனியுங்கள். மூலத்தைக் கேட்டால் அது தெரியாது.

எல்லோரும் கேட்கும் ‘செம்பொன்சகுரா’ (2011, குரோஉசா-பி) பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மெட்டு பெரும்பாலும் ஐந்து சுரச் சாயலில் ஓடுவதால் மனத்தில் உடனே ஒட்டிக்கொள்ளும். 2015-இல் ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே-யின் ஆண்டிறுதி இசை நிகழ்ச்சி கோஹாகுவில் என்கா பாடகி கொபயாஷி சச்சிகோ அதைப் பாடினார். பழைய இசை மரபில் ஊறிய தொண்டைக்கும் அது பொருந்தியது. ஆயினும் சரணங்களில் நாக்குக்கு நிறைய வேலை இருக்கிறது. குரல் சூடேறிய பிறகே அதற்குப் போங்கள்.

முதல்முறை வருகிறவருக்கு நான் சொல்வது இருவர் பாட்டு. ஒருவர் பாடும்போது மற்றவர் மூச்சு வாங்கலாம். லூகாவும் குமி என்ற இன்னொரு செயற்கைக் குரலும் பாடும் ஈஸிபாப்பின் ‘ஹேப்பி சிந்தசைசர்’ (2010) நல்ல தொடக்கம். அதற்கு அடுத்து மிகிதோ-பியின் ‘ரோகி’ (2018). அதில் ககாமினே ரின்னின் செயற்கைக் குரலோடு மிகிதோ-பி தானே சேர்ந்து பாடியிருக்கிறார், ஆகவே பாதிப் பாட்டு மனித மூச்சுக்கு ஏற்கெனவே அளந்து வைத்ததுதான். உச்சம் எட்டும் நண்பருக்கு ரின்னின் பகுதியைக் கொடுத்துவிட்டு, மிகிதோ-பியின் பாதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.