எண்ணப்படாதவர்கள்: உஸ்மான் செம்பேனின் ‘கடவுளின் மரத்துண்டுகள்’ நாவலில் மூலதனமும் குடும்பமும்

முன்னுரை

ஆப்பிரிக்க விடுதலை இலக்கியத்தைச் சமதர்மக் கோட்பாட்டின் வழி அணுகும் ஆய்வுகள் பெரும்பாலும் ஆலை, சுரங்கம், தொழிற்சங்கம் ஆகிய களங்களோடு நின்றுவிடுகின்றன. செனகல் எழுத்தாளர் உஸ்மான் செம்பேன் (1923–2007) பிரெஞ்சு மொழியில் எழுதி 1960இல் வெளியிட்ட ‘கடவுளின் மரத்துண்டுகள்’ நாவலும் வேலைநிறுத்தப் புதினமாகவே பெரிதும் வாசிக்கப்பட்டுள்ளது. ஆசிரியர் மார்சேய் துறைமுகத்தில் சுமைதூக்கும் தொழிலாளியாகவும் தொழிற்சங்கத்தவராகவும் வாழ்ந்தவர் ஆதலின் இவ்வாசிப்பு இயல்பானதே. ஆயினும் இந்நாவலில் மூலதனத்துக்கும் மக்களுக்குமான மோதல் கூர்மை பெறும் இடம் பணிமனையன்று, அடுக்களையே என்பதை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

வரலாறும் புனைவும்

பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்க இரயில்வேத் தொழிலாளர் ஏறத்தாழ 20,000 பேர் 1947 அக்டோபர் 10 முதல் 1948 மார்ச் 19 வரை வேலைநிறுத்தம் செய்தனர். ஆப்பிரிக்கருள் பெரும்பாலோர் பணியுறுதியற்ற துணைப் பணியாளராகவே வைக்கப்பட்டிருந்தனர். வெள்ளையருக்கும் ஆப்பிரிக்கருக்கும் ஒரே பணிநிலை அமைப்பு வேண்டும் என்பதே வரலாற்றில் அவர்களது மையக் கோரிக்கை.

செம்பேன் இக்கோரிக்கைகளுள் குடும்பப்படியை முன்னிறுத்துகிறார். தியெஸ் நகரப் பேச்சுவார்த்தை முறிவதும் இப்புள்ளியில்தான். பலதார மணத்தைக் காட்டி, ஆப்பிரிக்கரின் மனைவியரை மனைவியராக ஏற்க மறுக்கிறது நிர்வாகம். அவர்களைக் காமக்கிழத்தியர் என இழிக்கிறது. குடும்பப்படி வழங்கினால் தாழ்ந்த இனத்தின் வழக்கங்களை ஒப்புக்கொண்டதாகும் என நிர்வாகி தெழான் கருதுகிறார். செலவைவிட இந்த ஒப்புதலே அவரை அச்சுறுத்துகிறது என்பது நோக்கத்தக்கது.

கூலியும் குடும்பமும்

உழைப்புச் சக்தியின் மதிப்பில் தொழிலாளியின் பிள்ளைகளைப் பேணும் செலவும் அடங்கும் என்பது ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ் கூறும் கருத்து. காலனிய மூலதனமோ தொழிலாளியைத் தனியனாகக் கணக்கிட்டது. அவனைப் பெற்று வளர்த்து முதுமையில் தாங்கும் சுமையைக் கிராமத்தின் மீதும் பெண்களின் மீதும் ஏற்றியது. குடும்ப உற்பத்தி முறையே மலிவான உழைப்பை மூலதனத்துக்கு வழங்குகிறது என்று கிளோத் மெய்யாசூ 1975இல் கோட்பாடாக்கினார். அதனைப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே கதைமாந்தரின் வாழ்வில் வைத்துக் காட்டியது இந்நாவல்.

வேலைநிறுத்தத்தை ஒடுக்கத் தண்ணீரும் அரிசியும் நிறுத்தப்படுகின்றன. ரமத்துலாய் தன் வீட்டுப் பிள்ளைகளின் பசி தீர்க்கத் தமையனின் கிடாவை வெட்டுகிறாள். ஹூதியா ம்பாய் தன் கைக்குழந்தைக்கு ‘வேலைநிறுத்தம்’ என்றே பெயரிட்டிருக்கிறாள். தண்ணீர் மறுக்கப்பட்ட அவளே தீயணைப்புக் குழாயிலிருந்து பீறிடும் தண்ணீரால் அடிபட்டு இறக்கிறாள். கூலிக் கணக்கில் இடம்பெறாதவர்கள் ஒடுக்குமுறையின் கணக்கில் முதலிடம் பெறுகின்றனர்.

பேச்சுவார்த்தை முறிந்ததும் பெந்தா பெண்களின் டாக்கர் நடைப்பயணத்தை அறிவிக்கிறாள். தங்களைக் காமக்கிழத்தியர் என்றவர்களுக்கு அவர்கள் தரும் விடை அது. அப்பயணம் நிகழ்ந்ததற்கு வரலாற்றுச் சான்று கிடைக்கவில்லை என்பர். அதனைப் பிழையெனக் கொள்ளுதல் பொருந்தாது. கோரிக்கைப் பட்டியலில் பொருளாக மட்டும் இருந்த பெண்களைக் கோரிக்கை விடுப்போராக மாற்றும் பணியை அப்புனைவே செய்கிறது.

தலைப்பின் பொருள்

உயிருள்ளோரை எண்ணினால் அவர்தம் ஆயுள் குறையும் என்னும் நம்பிக்கையால் மனிதரைக் ‘கடவுளின் மரத்துண்டுகள்’ எனச் சுட்டி எண்ணும் வழக்கே நாவலின் தலைப்பு. நிர்வாகம் மனிதரைச் செலவினமாக எண்ணுகிறது. எண்ண விரும்பாதவரை இல்லாதவராக்குகிறது. மக்களோ உயிரின் மேலுள்ள அச்சத்தாலும் மதிப்பாலும் எண்ணத் தயங்குகின்றனர். இவ்விரு எண்ணுதல்களின் முரணே நாவலின் அடித்தளம் எனலாம்.

நாவலின் எல்லை

எனினும் செம்பேன் இம்முரணை முழுமையாகக் கடந்தாரெனல் இயலாது. நடைப்பயணத்தை வழிநடத்திய பெந்தா டாக்கரின் நுழைவாயிலில் சுட்டுக் கொல்லப்படுகிறாள். எஞ்சிய பெண்கள் வீடு திரும்புகின்றனர். பேச்சுவார்த்தை மேசையும் சங்கப் பொறுப்பும் ஆண்களிடமே உள்ளன. பலதார மணத்தை மறுக்கும் தலைவன் பக்காயொக்கோ தன் மனைவி அசித்தானிடம் காட்டும் பற்றின்மையை ஆசிரியர் மறைக்கவில்லை. அதனை வினாவுக்கு உட்படுத்தவும் இல்லை. நிர்வாகம் எண்ண மறுத்தவர்களைப் போராட்டம் எண்ணத் தொடங்குகிறது. வெற்றியோ அவர்களை மீண்டும் பின்னுக்குத் தள்ளுகிறது.

முடிவுரை

செனகல் விடுதலை பெற்ற 1960ஆம் ஆண்டிலேயே இந்நாவலும் வெளிவந்தது. கொடி மாறிய அவ்வாண்டில், தண்ணீரும் அரிசியும் பிள்ளை வளர்ப்பும் யாருடைய கணக்கில் சேரும் என்ற வினாவை அது முன்வைத்தது. கூலி பெறுவோரை மட்டும் தொழிலாளராகக் கொள்ளும் கோட்பாடு அவ்வினாவுக்கு முழு விடை தர இயலாது. விடுதலையை உழைப்பின் பெயரால் பேசும் எந்த இலக்கியத்தை ஆராயும்போதும், அவ்வுழைப்பைப் பேணி வளர்த்தோர் அதில் எங்கே நிற்கின்றனர் என்று கேட்பது திறனாய்வின் கடமையாகும்.