குளிரும் சூலும்: ஒரு விளக்கத்தின் திறனாய்வு

விலங்கின் உடலமைப்பையும் உடற்றொழிலையும் அது வாழும் சூழலோடு பொருத்திக் காணும் முயற்சி விலங்கியலிற் சிறந்ததொன்றாகும். ஆயினும், ‘குளிர் மிகுந்தது, ஆதலின் உடல் அதற்கேற்ப மாறியது’ என்னும் எளிய விளக்கமே வகுப்பறைகளிற் பெரிதும் வழங்குகின்றது. வெண்கரடியையும் ஒட்டகத்தையும் சான்று காட்டுங்கால் அது ஐயத்துக்கு இடந்தருவதில்லை. நம் மலைநாட்டு விலங்குகளை முன்வைத்து நோக்கின், அதன் வன்மையும் மென்மையும் ஒருங்கே புலனாகும்.

வன்மையை முதற்கண் காண்போம். நெருங்கிய உறவுடைய வெங்குருதி விலங்குகளுள் குளிர்நாட்டில் வாழ்வன பருத்த உடலுடையன என 1847இல் பேர்க்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் கூறினார். அவற்றின் கால், காது முதலிய உறுப்புகள் குறுகியிருக்கும் என 1877இல் அலன் என்னும் அமெரிக்க அறிஞர் மொழிந்தார். உடலின் பருமனை நோக்க அதன் மேற்பரப்புக் குறையின் வெப்ப இழப்பும் குறையும் என்பதே இரண்டிற்கும் அடிப்படை. ஹோட்டன் சமவெளித் தேவாங்கினை ஒஸ்மன் ஹில் என்பார் 1942இல் தனிவகையாக விவரித்தார். தாழ்நிலத் தேவாங்கினும் அதன் மயிர் அடர்ந்தது, கைகால்கள் குறுகியன. அலனின் விதிக்கு இஃது இயைந்த சான்றே.

இனி, தண்குருதி விலங்குகளிடத்து இவ்விளக்கம் நிலைபெறுமா என நோக்குவாம். 2,000 மீற்றருக்கு மேற்பட்ட அச்சமவெளியில் தை மாதத்து இரவுகளில் உறைபனி படிதலும் உண்டு. அங்கே பாசி படர்ந்த கிளைகளை வாலாற் பற்றி வாழும் கொபோற்றிஸ் என்னும் சிற்றோணான் முட்டையிடாது குட்டி ஈனுகின்றது. மண்ணிற் கிடக்கும் முட்டை குளிரில் மெல்ல வளரும். தாய்வயிற்று முளையமோ தாய் வெயில் காயுந்தோறும் வெம்மை பெறும். ஆதலின் குளிரே குட்டியீனச் செய்தது என்பர். திபெத்து மேட்டுநிலத்து ஓணான்கள் சிலவும் குட்டி ஈனுதல் இக்கூற்றுக்கு அரண் செய்கின்றது.

ஆனால், அதே சமவெளியில், அதே குளிரில், மூக்கின்மேற் கொம்புடைய மற்றோர் ஓணான் மண்ணைத் தோண்டி முட்டையிடுகின்றது. கறுத்த உதடுடைய ஓணானும் முட்டையிடுவதே. குளிர் ஒன்றே காரணமாயின் இவை மூன்றும் ஒருவழிப்பட்டிருத்தல் வேண்டுமன்றோ? குட்டியீனலுக்கும் விலை உண்டு. சூல்கொண்ட தாய் மடியின் குட்டிகள் யாவும் உடன் மடியும். எனவே, சூழல் உடலுக்குக் கட்டளை இடுவதில்லை. பரம்பரையில் தோன்றிய வேறுபாடுகளுள் வாழத்தக்கனவற்றை எஞ்சவிடுவதே அதன் தொழில். இடர் ஒன்றாயினும், வெவ்வேறு குலங்கள் வெவ்வேறு விடை காணுதல் இதனாலேயாம்.

இது வெறுஞ் சொற்போர் அன்று. தேவைக்கேற்ப உடல் தானே மாறுமாயின், குளிர் குறைந்தாலும் அவ்வுயிர்கள் மாறிப் பிழைக்கும் என நாம் வாளா இருத்தல் கூடும். உண்மை அவ்வாறன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாக மலைக்காடுகள் அழிந்தன. எஞ்சியவை உயர்ந்த சிகரங்களையே பெரிதும் சார்ந்துள்ளன. உலகு வெம்மையுற, தாழ்நிலத்து உயிர் மேலேறலாம். நாட்டின் மிக உயர்ந்த பீதுருதாலகாலை மலையின் முடியோ 2,524 மீற்றரில் முடிந்துவிடுகின்றது. அதற்குமேல் ஏற இடமில்லை.

நுவரெலியாவிலும் ஹற்றனிலும் பயிலும் தோட்டத்து மாணாக்கர், ‘இது ஏன் மாறியது?’ என்பதோடு ‘அருகிலுள்ளது ஏன் மாறவில்லை?’ என்றும் வினவப் பழகுதல் வேண்டும். இரண்டாம் வினாவுக்கு விடை கூறமாட்டாத விளக்கத்தை முழுமையானதென ஏற்றல் தகாது.