மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்

கணக்கைப் பற்றிக் கதை சொல்வதில் எரிக் டெம்பிள் பெல் மன்னன். அவர் 1951-ல் எழுதிய ‘மேத்தமேட்டிக்ஸ்: க்வீன் அண்ட் சர்வண்ட் ஆஃப் சயன்ஸ்’ புத்தகத்தில் ஒரு கதை வருகிறது. அப்புறம் வந்த கணிதப் புத்தகங்கள் பலவும் அதைக் கடன் வாங்கியிருக்கின்றன.

1903 அக்டோபர், நியூயார்க். அமெரிக்க கணிதக் கழகத்தின் கூட்டம். ஃப்ராங்க் நெல்சன் கோல் பேச எழுந்தார். பேசவில்லை. கரும்பலகையில் அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தார். 147573952589676412927. பக்கத்தில் 193707721-ஐயும் 761838257287-ஐயும் பெருக்கினார். அதே விடை. போய் உட்கார்ந்துவிட்டார். கைதட்டல். கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆச்சு என்று பெல் பிற்பாடு கேட்டதற்கு, ‘மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்’ என்றாராம்.

நல்ல சீன். எனக்கு இதில் இரண்டு புகார்கள்.

ஒன்று சின்னது. 1903-ல் பெல் கலிஃபோர்னியாவில், ஸ்டான்ஃபோர்டில் மாணவர். கொலம்பியாவில் கோலிடம் வந்து சேர்ந்தது பல வருடம் கழித்து. ஆகவே நாடகத்தைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும்.

மற்றது பெரியது. படித்து முடித்ததும் அந்தப் பெருக்கல்தான் மனசில் நிற்கிறது. பொறுமை இருந்தால் ஏழாம் கிளாஸ் பையன்கூட அதைச் செய்துவிடுவான். நிஜ ஆச்சரியங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன.

இந்த 21 இலக்க எண்ணைப் பகா எண் என்று 1644-ல் மெர்சென் என்ற பாதிரியார் பட்டியலில் சேர்த்துவிட்டார். 1876-ல் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் இல்லை என்று நிரூபித்தார். ஒரு காரணியைக்கூடக் காட்டாமல்! அவர் வழியைப் பின்னால் லெஹ்மர் எளிதாக்கினார்: 4-ல் ஆரம்பியுங்கள். வர்க்கம் எடுத்து 2 கழியுங்கள். நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி 65 தடவை. கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண். வராது. கொலை நடந்தது நிச்சயம், கொலையாளிதான் யாரென்று தெரியாது என்கிற நிலைமை 27 வருஷம் நீடித்தது.

அடுத்தது, தேடல். இந்த எண்ணின் எந்தக் காரணியையும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே ஆக வேண்டும். 135, 269, 403 என்று வரிசையாகப் போனால், கோல் பிடித்த சின்னக் காரணி 14,45,580-வது ஆசாமி. 8-ஆல் வகுத்துப் பார்த்துப் பாதிப் பேரைக் கழிக்கலாம். அப்போதும், மூன்று வருட ஞாயிறுகள் 156 என்றால், ஒரு ஞாயிறுக்கு 4,600 வகுத்தல். 3, 5, 7-ஆல் வகுபடுகிறவர்களை விரட்டினாலும் இரண்டாயிரத்துக்குக் குறையாது. கையால் நடக்கிற காரியமா? கோல் இப்படித் தேடவில்லை. வர்க்க எண்கள் விட்டுச்செல்லும் மீதிகளை வைத்து சந்தேகப் பட்டியலைச் சுருக்கினார். அந்த வழிமுறையை அதே வருஷம் கட்டுரையாகவும் எழுதினார். அதாவது மனிதர் பேசியிருக்கிறார். கதைதான் அவரை ஊமையாக்கிவிட்டது.

இதனால் நஷ்டம் என்ன? கணக்கு என்பது மேதைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யும் வித்தை, நமக்கு வேலை கைதட்டுவது மட்டும் என்று படிக்கிற பிள்ளை நினைத்துவிடும். பெருக்குவது சுலபம், பிரிப்பது கஷ்டம் என்ற இதே வித்தியாசத்தில்தான் 1977-ல் ஆர்.எஸ்.ஏ. ரகசிய முறையையே கட்டினார்கள். வெறும் பொறுமையிலிருந்து அது பிறக்கவில்லை.

பெல்லைப் படியுங்கள், தமாஷாக இருக்கும். கைதட்டல் வருகிற இடத்தில் மட்டும் மார்ஜினில் பென்சிலால் ‘எப்படி?’ என்று எழுதிவிடுங்கள்.