பெயரில்லாத பணிப்பெண்

பழைய தேவதைக் கதைகளைப் புதுக்கி நாவலாக எழுதுவது ஆங்கிலத்தில் இன்று பெருவழக்காயிருக்கின்றது. அவற்றுட் பல, பழைய இராஜகுமாரிக்குப் புதிய ஆடை உடுத்துவதோடு அமைந்துவிடுகின்றன. அமெரிக்க ஆசிரியை ஷானன் ஹேல் 2007-இல் வெளியிட்ட 'ஆயிரம் நாட்களின் ஏடு' என்னும் நாவல் அவ்வகையைச் சேர்ந்ததன்று. பழங்கதையில் விடுபட்டுப்போன ஒருத்தியை அது தேடிச் செல்கின்றது.

மூலக்கதையின் பெயர் 'கன்னி மலீன்'. கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் 1850-ஆம் ஆண்டுப் பதிப்பிற் சேர்க்கப்பட்டது. தந்தை குறித்த மணமகனை மறுத்த இராஜகுமாரி மலீன், ஒளிபுகாத கோபுரத்தில் ஏழாண்டு அடைக்கப்படுகின்றாள். உடன் ஒரு பணிப்பெண்ணும் அடைக்கப்படுகின்றாள். உணவு தீருங் காலத்தில் இருவரும் ரொட்டி வெட்டும் கத்தியால் மாறிமாறிச் சுவரைக் குடைந்து வெளியேறுகின்றனர். பசிக்குக் காஞ்சொறித் தழையைத் தின்கின்றனர். வேற்றூர் அரண்மனையின் மடைப்பள்ளியில் வேலைக்கமர்கின்றனர். முடிவில் மலீன் தன் காதலனை மணந்து இன்புறுகின்றாள். பணிப்பெண் என்னவானாள்? கதை சொல்லவில்லை. அவள் பெயரையுங்கூடச் சொல்லவில்லை. தோட்டத்துச் செக்ரோலில் அரைப்பேர் விழுந்தவளுக்கும் ஒரு வரி உண்டு. ஏழாண்டு இருளிற் கிடந்த இவளுக்கு அதுவுமில்லை!

ஹேல் அம்மையார் அந்தப் பணிப்பெண்ணுக்குத் தாஷ்டி என்று பெயரிட்டு, அவள் கையில் எழுதுகோலையும் கொடுத்திருக்கின்றார். நாவல் முழுதும் அவளது நாட்குறிப்பே. களமும் ஜெர்மனியினின்று நீங்கி, பழைய மங்கோலியாவை ஒத்த கற்பனை நாடாகின்றது.

எஜமானி சாரனுக்கும் தாஷ்டிக்கும் இடையே உள்ளது சிநேகமா, ஊழியமா? நாவலின் உயிர்நிலை இக்கேள்வியே. கோபுரத்துள் இருவர்க்கும் ஒரே இருள், ஒரே சுவர். ஆயினும் துன்பம் பொதுவாயினமை பற்றிச் சமத்துவம் வந்துவிடவில்லை. காதலன் டேகுஸ் கோபுரத்தடிக்கு வந்தபோது, அச்சத்தால் நடுங்கிய சாரன், தன் பெயரால் அவனோடு பேசுமாறு தாஷ்டிக்குக் கட்டளையிடுகின்றாள். கட்டளையை மீறுதல் பாவம். நிறைவேற்றினாலோ, உயர்குடிப் பெண்ணாக நடித்தது மரணத்துக்குரிய குற்றம். இட்டவளுக்கு ஒன்றுமில்லை, ஏற்றவளுக்கே தண்டனை. ஏற்றத்தாழ்வின் இலக்கணத்தை இதனினும் சுருங்கக் காட்டுதல் அரிது.

உயர்குடியினர் குறையற்றவர் என்று நம்பி வளர்ந்தவள் தாஷ்டி. அந்நம்பிக்கை எவருடைய பிரசங்கத்தாலும் உடையவில்லை. எஜமானியின் அச்சத்தையும் சோர்வையும் அருகிருந்து நாள்தோறும் எழுதி வருவதாலேயே சிறிது சிறிதாக உதிர்கின்றது. அது உதிர்ந்த பின்னும் அவள் சாரனை வெறுக்கவில்லை. அச்சமுற்ற ஒரு பெண்ணாகக் கண்டு இரங்குகின்றாள்.

ஆயினும் இரக்கம் சிநேகமாகிவிடாது. ஆயிரம் நாளும் கொடுத்தவள் ஒருத்தி, பெற்றவள் மற்றொருத்தி. தாஷ்டி விசாரணைக்கு நிறுத்தப்படும்போது, சாரன் சபை நடுவே வாய் திறந்து அவளுக்காகப் பேசுகின்றாள். தன் குலப்பெருமையைத் தோழியின் பொருட்டுச் செலவிட அவள் துணிந்த அப்பொழுதே சிநேகம் பிறந்தது என்பது எனது துணிபு.

குறையொன்றும் கூறவேண்டும். தாஷ்டி டேகுஸை மணந்து மேனிலை எய்துவதோடு கதை நிறைவுறுகின்றது. பணிப்பெண் உயர்குடிப் பெயரால் பேசுவது ஏன் குற்றமாதல் வேண்டும் என்று விசாரணை எழுப்பிய கேள்விக்கு மணமாலை விடையாகாது. ஒருத்தி மேற்படிக்கு ஏறினாள். படிகள் இருந்தபடியே இருக்கின்றன. மடைப்பள்ளியில் அவளோடு பாத்திரந் துலக்கிய பெண்கள் நாளையும் துலக்கவே போகின்றனர்.

இக்குறை இருப்பினும் இந்நூல் நம் இளம்பெண்கள் படிக்கத்தக்கதே. இராஜகுமாரியாக வேண்டுமென்னும் ஆசையை அவர்களுக்கு எத்தனையோ கதைகள் ஊட்டியிருக்கின்றன. அவள் அருகே நின்றவளின் பெயர் என்ன என்று கேட்கக் கற்பிக்கும் கதைகள் மிகச் சிலவே.