ஒரு மூதாட்டியும் மூன்று எழுதுகோல்களும்

குலமுறை கிளத்தப் புகுவோர் புகழுடைய முன்னோரைக் காணவே விழைவர். அமெரிக்காவில் ஹன்னா டஸ்டனின் வழித்தோன்றல்களுக்கோ அத்தகைய எளிய மகிழ்ச்சி வாய்ப்பதில்லை. அவர்தம் மூதாட்டிக்கு நியூ ஹாம்ப்சயரில் 1874-இல் சிலை எடுத்தனர். அச்சிலையின் ஒரு கையில் கைக்கோடரி. மறு கையில் மனிதத் தலைத்தோல்கள்!

நிகழ்ச்சியைச் சுருங்கக் கூறுவோம். 1697 மார்ச்சு 15-இல், அந்நாளைய எல்லைப்புறக் குடியிருப்பான மாசசூசெட்சு ஹேவ்ரில் ஊரை அபெனாக்கி மக்கள் தாக்கினர். பிள்ளை பெற்று ஒரு வாரமே ஆகியிருந்த ஹன்னாவும் செவிலி மேரி நெஃபும் சிறைப்பட்டனர். பச்சிளங் குழந்தை கொல்லப்பட்டது. இரு வாரம் கழித்து, மெரிமாக் ஆற்றுத் தீவொன்றில், அவ்விருவரும் சிறைப்பட்ட சிறுவன் ஒருவனும் உறங்கிக் கிடந்த பதின்மரைக் கோடரியால் கொன்றனர். பதின்மருள் அறுவர் சிறார். கொண்டுவந்த தலைத்தோல்களுக்காக ஹன்னாவின் பங்காக 25 பவுன் வழங்கப்பட்டது.

அதே ஆண்டில் இதனை எழுதிய சமயகுரு காட்டன் மேதர், விவிலியத்தில் சிசெராவைக் கொன்ற யாகேலுக்கு ஹன்னாவை ஒப்பிட்டார். இவ்வொப்புமை பொருந்துமா? யாகேல் கொன்றது படைத்தலைவனை, குழந்தைகளை அன்று. ஆயினும் மேதரிடம் ஒரு நேர்மை உண்டு. கொலையுண்ட குடும்பத்தார் நாள்தோறும் மும்முறை இறைவனைத் தொழுதவர் என்பதை அவரே பதிவு செய்கிறார். அக்குடும்பத்து ஹன்னாவின் பிறந்தகமும் அவருக்குப் புதிதன்று. அவள் தங்கை எலிசபெத் எமர்சன், தன் இரட்டைக் குழந்தைகளைக் கொன்ற குற்றத்திற்காக 1693-இல் தூக்கிலிடப்பட்டபோது சமயவுரை ஆற்றியவரும் அவரே. தங்கைக்குத் தூக்குக் கயிறு, தமக்கைக்குப் பரிசுப் பணம். இரண்டிற்கும் பொருள் உரைத்தது ஒரே எழுதுகோல்.

ஹாதர்ன் 1836-இல் எழுதியது இதற்கு நேர்மாறானது. ஏனைய பிள்ளைகளைக் காத்த கணவன் தாமசைப் போற்றுகிறார், ஹன்னாவை வெறுக்கிறார். தன் பிள்ளைகளை நினைந்தே அவள் கையை ஓங்குவதாக அவர் காட்டும் இடம் அக்கட்டுரையின் உயிர்நிலை. அடுத்து வசை மிகுகிறது, பாத்திரம் மறைந்துவிடுகிறது.

என் மதிப்பீட்டில் தோரோவே சிறந்து நிற்கிறார். கன்கார்டு, மெரிமாக் ஆறுகளில் தாம் சென்ற படகுப் பயணத்தைப் பற்றி 1849-இல் வெளியிட்ட நூலில், அதே ஆற்றில் தாமும் சென்றவராக இக்கதையைச் சொல்கிறார். இறந்தகால வினைகள் சொல்லாமலே நிகழ்காலமாகின்றன. தோணியில் அஞ்சி அமர்ந்திருக்கும் மூவரும் நம் கண்முன் வருகின்றனர். (வரலாற்றுக் கட்டுரை எழுதப் பழகும் மாணவர் இவ்விடத்தை ஊன்றிப் படித்தல் வேண்டும்.) அவர் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. குழந்தையை மோதிக் கொன்ற ஆப்பிள் மரத்திற்கே இறுதியில் திரும்புகிறார். அதன் கனியைப் பிற்காலத்தில் உண்டவர் பலர் என்று கூறி நிறுத்திவிடுகிறார்.

ஹன்னாவின் குரலாக எஞ்சியது, 1724-இல் திருச்சபையில் சேர்வதற்காக அளித்த ஒரு விண்ணப்பம். சிறைப்பட்ட நாட்களே தனக்கு மிக ஆறுதலான காலம் என்று அதில் இறைவனுக்கு நன்றி கூறுகிறாள். தீவில் நிகழ்ந்த அவ்விரவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.