நான்கு வாய், ஒரே நாக்கு: சொந்தக் கணினியில் அமரும் ஏவலாளர்கள் பற்றி

'தரவு' என்பது நம் இயக்கங்களில் இன்னமும் ஏதோ தொழில்நுட்பச் சொல்லாகவே புழங்குகிறது. உண்மையில் அது ஆள்களின் பெயர், சர்வே எண், கையெழுத்து, கைநாட்டு. சேலம் - சென்னை எட்டுவழிச் சாலைக்காக (277 கி.மீ., ஐந்து மாவட்டங்கள்) 2018இல் காடு தோட்டங்களில் கல் நட்டபோது எதிர்த்து நின்றவர்கள் கைது செய்யப்பட்டார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி அறிவிக்கைகள் செல்லும் என்றது. இப்படியொரு போராட்டத்தின் ஆட்சேபணை மனுக்கட்டைக் கம்பெனியொன்றின் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துச் சுருக்கித் தரச்சொன்னால் என்ன ஆகும்? எதிர்ப்பவர்களின் பட்டியலை நாமே தயாரித்து அயலான் சர்வரில் வைத்ததாக ஆகும்.

ஆகவே 'நம்ம மெஷின்லயே வச்சுக்குவோம்' என்ற குரல் நியாயமானது. சாத்தியமானதும்கூட. லாமா, டீப்சீக் போன்ற, எடைகள் வெளியிடப்பட்ட மாதிரிகளை இறக்கிக்கொள்ளலாம். 2023 மார்ச்சில் கியோர்கி கெர்கனோவின் லாமா.சிபிபி நிரல் வந்தபிறகு வீட்டுக் கணினியே போதும் என்றாயிற்று. 800 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரியை நான்கு பிட் அளவுக்குச் சுருக்கினால் ஏறக்குறைய 5 ஜிபிதான். அதன்மேல் ஒரு 'குழு'வை அமர்த்துகிறோம்: மனுவைச் சுருக்க ஒருவர், சட்டம் பார்க்க ஒருவர், மொழிபெயர்க்க ஒருவர், சரிபார்க்க ஒருவர்.

இந்தச் 'சொந்தம்' என்ற சொல்லாடலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நாமக்கல்லுக்கு இது புதிதல்ல. லாரி கம்பெனியிலிருந்து வருவது எஞ்சினும் சேஸிஸும். பாடி கட்டுவது நாமக்கல் பட்டறை. தச்சரும் வெல்டரும் பெயிண்டரும் கைவைத்தபின்தான் அது 'நம்ம வண்டி'. ஆனால் எஞ்சினின் குணத்தைப் பட்டறை மாற்ற முடியாது. நாம் கட்டும் ஏவலாளர் குழுவும் பாடிதான். சேஸிஸ் ஆங்கிலத்தில் வார்க்கப்பட்டது. 'நிலம்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறி, பதினைந்து பைட். தமிழுக்கென்று பழக்கப்படாத மாதிரி அதைத் துண்டுதுண்டாக நறுக்கித்தான் விழுங்குகிறது. 2023இல் வெளிவந்த 'தமிழ் லாமா' 16,000 தமிழ்த் துண்டுகளைச் சொற்பட்டியலில் கூடுதலாகச் சேர்க்க நேர்ந்தது இதனால்தான். 'புறம்போக்கு' வருவாய்த்துறையில் தீர்வை விதிக்கப்படாத நிலவகை, தெருவில் வசவு, அங்கே குடியிருப்பவருக்கு வீடு. மூன்றில் எதை இயந்திரம் தேர்கிறது என்பதில் ஒரு குடும்பத்தின் வழக்கே அடங்கியிருக்கலாம்.

அதற்குத்தான் சரிபார்ப்பவர் இருக்கிறாரே என்பீர்கள். இங்கேதான் 'குழு' என்ற பெயர் ஏமாற்றுகிறது. நான்கு பேருக்கும் எடைக் கோப்பு ஒன்றே. தலையில் எழுதிய கட்டளை மட்டும் வேறு. சுருக்குபவர் எதைப் பார்க்கத் தவறினாரோ அதையே சரிபார்ப்பவரும் தவறவிட வாய்ப்பு அதிகம். நான்கு வாயும் ஒத்துச்சொன்னால் அது நான்கு சாட்சியம் ஆகாது, ஒரே நாக்கின் எதிரொலி. சரிபார்க்க வேறு மாதிரியையாவது வைக்கலாம். அதுவும் முழுப் பரிகாரமல்ல. இணையத்தின் அதே குவியலை எல்லா மாதிரிகளும் பெருமளவில் தின்றிருக்கின்றன.

அந்தக் கட்டளையின் இலக்கணத்தையும் கவனிக்க வேண்டும். 'நீ ஒரு அனுபவமுள்ள வழக்கறிஞர்' என்று அது தொடங்குகிறது. 'ங்க' போடாமல் பேசினால் ஊரே திரும்பிப் பார்க்கிற மண் இது. அந்த 'ங்க' யாருக்குக் கிடைத்ததில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும்: பண்ணையாளுக்கு. இயந்திரம் மனம் நோகாது, சரி. ஆனால் ஏவிக்கொண்டே இருக்கிற தன்னிலை ஒன்று நமக்குள் கட்டமைக்கப்படுகிறதே, அதைப் பற்றி யார் பேசுவது? 'ஆளில்லாத வேலை' என்பதும் புனைவுதான். 2008இல் தொடங்கிய நெக்ஸ்ட்வெல்த் நிறுவனம் நாமக்கல் மாவட்டத்து மல்லசமுத்திரத்தில் மையம் அமைத்தது. படங்களுக்குக் கோடிட்டுப் பெயர் சூட்டும் வேலை இத்தகைய மையங்களில் நடக்கிறது. நம் கணினியில் இருக்கும் மாதிரியை அவர்கள் பழக்கினார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இவ்வகைக் கூலி உழைப்பு இல்லாமல் இவ்வகை 'நுண்ணறிவு' இல்லை. சொந்தக் கணினி அந்த உழைப்பை ஒழிப்பதில்லை, கண்ணிலிருந்து மறைக்கிறது.

பாதுகாப்பு? பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினியில் ஊடுருவு நிரல் வழியாகக் கோப்புகள் வைக்கப்பட்டிருந்தன என்று அமெரிக்காவின் ஆர்செனல் கன்சல்டிங் 2021இல் அறிக்கை தந்தது. அதுவும் சொந்தக் கணினிதான். இணையத்தோடு பிணைத்த பெட்டியில் கோப்புகளைத் திறக்கவும் அஞ்சல் அனுப்பவும் ஏவலாளருக்கு உரிமை கொடுப்பது, வாசலைத் திறந்துவைத்துவிட்டுப் பூட்டின் பெருமை பேசுவது.

அப்ப வேண்டாங்கறீங்களா? இல்லை. இணையத்தைத் துண்டித்து வைப்போம். வட்டைக் குறியாக்கிப் பூட்டுவோம். படிக்க மட்டும் விடுவோம், அனுப்ப விடவேண்டாம். சுருக்கிய ஒவ்வொரு மனுவையும் கொடுத்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவருக்கே வாசித்துக் காட்டுவோம். 'நான் சொன்னது இதில்லீங்க' என்று அவர் மறுக்க முடிகிற இடம்தான் அரசியல். நான்கு வாயும் சொல்லாத அதைச் சொல்ல, ஐந்தாவதாக ஒரு வாய் வேண்டும்.